ரோஸ் கலர் வந்ததும் செம்புன்னு முடிவு கட்டிராதீங்க

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு உலோக அயனி சென்சார் எடுக்குத பிள்ளைங்களுக்கு நான் சொல்லுறது ரோடமின் பி ஹைட்ரசைடுதான், செம்பு அயனி பட்டா ரோஸ் ஆகுத சாயம். ஒரே படியில செஞ்சிரலாம். 1997-லயே வேதியியலாளர் சார்னிக்கோட குழு இதைச் செம்பு அயனிக்குப் பயன்படுத்திக் காட்டிட்டாங்க. மூலக்கூறுல ஒரு வளையம் மூடிக் கிடக்கும். நிறமும் இல்ல, ஒளிர்வும் இல்ல. செம்பு ஒட்டினா வளையம் திறந்து, நீராற்பகுப்பு நடந்து, ரோஸ் நிறமும் ஒளிர்வும் உள்ள பழைய ரோடமின் பி-யே திரும்பி வந்துரும்.

தயாரிப்பு. 1.2 கிராம் ரோடமின் பி-யை 30 மி.லி. எத்தனால்ல கரைச்சு, கலக்கிக்கிட்டே 3 மி.லி. ஹைட்ரசின் ஹைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டா விடுங்க. புற்றுநோய் வரவைக்கக்கூடிய சரக்கு அது. ஃப்யூம் ஹூட் (நச்சு ஆவியை வெளிய இழுக்குத கூண்டு) ஓடலைன்னா அன்னைக்கு இந்த வேலையே வேண்டாம். 2 மணி நேரம் ரிஃப்ளக்ஸ், அதாவது ஆவி குளிர்ந்து திரும்ப உள்ளயே விழுத மாதிரி கொதிக்க வைங்க. அடர்நிறம் போய் வெளிர் ஆரஞ்சு ஆகும். எத்தனாலை ஆவியாக்கிட்டு 1 மோலார் எச்.சி.எல். 50 மி.லி. சேருங்க, அப்புறம் பி.எச். 9–10 வர்ற வரைக்கும் சோடியம் ஹைட்ராக்சைடை மெதுவா விடுங்க. படியுறதை வடிகட்டி, கழுவி, காயவைங்க.

சோதனை. 4.6 மி.கி. சாயத்தை 10 மி.லி. அசிட்டோநைட்ரைல்ல கரைச்சா 1 மில்லிமோலார் ஸ்டாக் (மூலக்கரைசல்). க்யூவெட்ல (ஒளி அளக்குத சின்னத் தெளிவான குப்பி) 1.5 மி.லி. அசிட்டோநைட்ரைல், 1.5 மி.லி. ஹெப்பிஸ் பஃபர் (பி.எச். 7.2-ல நிறுத்தி வைக்குத கரைசல்), ஸ்டாக் 30 மைக்ரோலிட்டர். பாஸ்பேட் பஃபர் வேண்டாம், செம்பை அதுவே பிடிச்சு வச்சுக்கும். செம்புக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போதும்: 25 மி.கி. 100 மி.லி. தண்ணியில.

395 நானோமீட்டர் டார்ச்சை வாங்கிராதீங்க. அதோட ஊதா வெளிச்சமே கண்ணை மறைச்சிரும். 532 பச்சை லேசர் பாயிண்டரை க்யூவெட்டுக்குள்ள விட்டா, போற வழியெல்லாம் ஆரஞ்சா மின்னும். கண்ணுல மட்டும் படக்கூடாது. கருவி இருந்தா 530-ல தூண்டி 580 பக்கம் பாருங்க.

இங்கதான் வழுக்கும். ராத்திரி செம்புக்குடத்துல வச்ச தாமிரபரணித் தண்ணியை ஊத்தினா ரோஸ் வருது. செம்புதானா? அமிலம் பட்டாலும் அந்த வளையம் திறக்கும். ஆசிட் போட்டுக் கழுவின பீக்கர்ல ஒட்டியிருக்குத மிச்சமே போதும். அதனால மூணு க்யூவெட் வைங்க. ஒண்ணுல வெறும் பஃபரும் சாயமும். ரெண்டாவதுல பஃபர்ல பாதிக்குப் பதிலா மாதிரித் தண்ணி. மூணாவதுல அதே தண்ணியில ஈ.டி.டி.ஏ. (உலோக அயனியைப் பிடிச்சு வச்சுக்குத பொருள்) கலந்து, அதுக்கப்புறம் சாயம். செம்பு காரணம்னா மூணாவது நிறம் மாறாது. மாறினா வேற ஆள் உள்ள இருக்கான். வரிசையை மாத்திராதீங்க. ரோஸ் வந்த பிறகு ஈ.டி.டி.ஏ. போட்டா நிறம் திரும்பிப் போகாது, ஏன்னா அங்க இருக்குறது இப்போ ரோடமின் பி.

செல். உயிருள்ள செல்லுக்குள்ள செம்பைப் பாக்கணும்னா, ஹீலா செல்லுக்கு (ஆய்வகத்துல வளர்க்குத மனிதப் புற்றுநோய்ச் செல்) அசிட்டோநைட்ரைல் ஆகாது, ஸ்டாக்கை டி.எம்.எஸ்.ஓ.-ங்குற கரைப்பான்ல போட்டு, கடைசி அளவு 1 சதவீதத்துக்குக் கீழ வைங்க. செல்லுக்குள்ள இருக்குத லைசோசோம்ங்குற சின்னப் பையோட பி.எச். 4.5–5. செல் வளர்க்குத தட்டுல செம்பே போடாத குழியிலயும் புள்ளி புள்ளியா மின்னினா அது அங்க இருக்குத அமிலமா இருக்கலாம். அந்தப் படத்தையும் ரிப்போர்ட்ல வைங்க.

பிற்சேர்க்கை 1. பாளையங்கோட்டையில இருந்து ஒரு தங்கச்சி, குழாத்தண்ணி எல்லாமே ரோஸ் ஆகுது, ஈ.டி.டி.ஏ. போட்டும் நிக்கலைன்னு கேட்டிருந்தாங்க. குளோரின்மா அது. குளோரின் தண்ணியில கலந்தா உண்டாகுத ஹைப்போகுளோரைட்டும் இந்தச் சாயத்தோட வளையத்தைத் திறக்கும். தண்ணியைக் கொதிக்க வச்சு ஆறவிட்டுத் திரும்பப் பாருங்க.

பிற்சேர்க்கை 2. அம்பை வாழைத்தோட்டத்து வாய்க்கால் தண்ணி பத்திக் கேட்ட தம்பிக்கு: தோட்டத்துல அடிக்குத பூஞ்சைக்கொல்லி காப்பர் ஆக்சிகுளோரைடு தண்ணியில கரையாது. வடிகட்டினா கரைஞ்ச செம்பு மட்டும்தான் தெரியும். மொத்தமும் வேணும்னா நைட்ரிக் அமிலத்துல செரிக்க வச்சு, பி.எச்.-ஐ 7-க்குக் கொண்டுவந்த பிறகுதான் சாயத்தைத் தொடணும்.