கட்டூம்பா அருவியைக் குழந்தைக்குக் காட்டுவது எப்படி?

முதல் தடவை மகளை அழைத்துப்போனபோது நேராகப் பார்வை மேடைக்குப் போய், பாறையின் வயதில் ஆரம்பித்தேன். அவள் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கட்டூ கிளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையதுதான். இப்போதெல்லாம் தண்ணீர் வரும் வழியாகவே போகிறோம். கட்டூம்பா, ஆஸ்திரேலியாவின் நீல மலைப் (Blue Mountains) பகுதியில் இருக்கும் ஊர். சிட்னியிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்.

முந்தின நாள் வீட்டிலேயே தொடங்குங்கள். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சைத் தட்டில் சாய்த்து வைத்து அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றி முடித்த பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். நீல மலையின் மேல்மட்டச் சதுப்புகள் செய்வதும் இதைத்தான்: மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகின்றன. அதனால்தான் மழை விட்ட பிறகும் ஓடை ஓடுகிறது. இந்தப் பக்கத்துச் சதுப்புகளில் மட்டுமே வாழும் ஓர் அரணையும் உண்டு. படத்தைக் காட்டிவையுங்கள், நேரில் தென்படுவது அபூர்வம்.

மறுநாள் அருவிக்குப் போகுமுன் 'கல்லி' (The Gully) என்ற பள்ளத்தில் நில்லுங்கள். கெடும்பா ஓடை இதன் வழியாகத்தான் அருவிக்குப் போகிறது. கெடும்பா என்றால் மின்னி விழும் நீர் என்பார்கள். ஊர்ப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். குண்டுங்குரா, தாருக் என்ற பூர்வகுடிகளின் குடும்பங்கள் இங்கே வீடு கட்டி வாழ்ந்தன. 1957-இல் கார் பந்தயப் பாதை போடுவதற்காக அவர்களை வெளியேற்றினார்கள். 2002-இல் அரசு இதைப் பூர்வகுடி இடமாக அறிவித்தது. குழந்தையிடம் இதைப் பூசி மெழுக வேண்டாம். "அவங்க இப்ப எங்கே?" என்று என் மகள் கேட்டாள். இங்கேதான் இருக்கிறார்கள், இந்த நிலத்தைப் பராமரிக்கிறார்கள் என்று சொன்னேன். 'வாழ்ந்தார்கள்' என்று சொல்லி நிறுத்திவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும்.

சரி, இனி பாறை. நடைபாதையோரப் பாறையில் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள், மணல் ஒட்டும். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. சுரண்ட விடாதீர்கள், தொட்டாலே போதும். அப்புறம் எதிர்ச் செங்குத்துப் பாறையில் வரி வரியாக இருப்பதைக் காட்டுங்கள். தடித்த வரி மணற்கல், இடையில் உள்ளே ஒடுங்கியிருப்பது களிப்பாறை. களிப்பாறை சீக்கிரம் கரையும். பிடிமானம் போனதும் மேலே இருக்கும் மணற்கல் பெயர்ந்து விழும். செங்குத்து அப்படியே நிற்பதன் ரகசியம் இதுதான்.

வீடு திரும்பியதும் செய்து பார்க்கலாம். ட்ரேயில் நான்கு விரல் உயரத்துக்கு ஈரமணலை அழுத்தி, அதன்மேல் உடைந்த டைல்ஸ் துண்டை விளிம்பு சற்று நீட்டியிருக்கும்படி வையுங்கள். டைல்ஸ்மேல் ஜக்கால் மெல்லிசாக ஊற்றுங்கள். தண்ணீர் விளிம்பில் வழிந்து அடிமணலை அரிக்கும். டைல்ஸ் முதலில் சாயும், பிறகு தொப்பென்று விழும்.

சாரலை மறந்துவிடாதீர்கள். இந்த வட்டாரத்து அருவிகளின் சாரல் படும் பாறையில் மட்டும் வளரும் குட்டைப் பைன் ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. மேல்ஓடை அழுக்கானால் அதற்குத்தான் முதல் அடி. சதுப்பு, ஓடை, செடி என்று தொடர்பைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

மணல் ட்ரேயை உடனே கொட்டிவிடாதீர்கள். ராத்திரி குண்டுங்குரா மக்களின் கதையைச் சொல்லுங்கள். பாதி மீன், பாதி ஊர்வன குராங்காட்ச். அவனைத் துரத்தும் வேட்டைக்காரன் மிர்ரகன், பூனை போன்ற குவால் என்ற விலங்கு. தப்பியோடும் குராங்காட்ச் நிலத்தைக் கிழித்துக்கொண்டே போக, பின்னாலேயே தண்ணீர் பாய்ந்து பள்ளத்தாக்குகள் உண்டாயின. "எது நிஜம்?" என்று கேட்டால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். என் மகள் கேட்கவில்லை. ஈரமணலில் ஒரு விரலால் வளைந்து வளைந்து கோடு இழுத்தாள், பிறகு ஜக்கை எடுத்து அந்தக் கோட்டில் தண்ணீர் விட்டாள்.