பழவேற்காட்டுக்குத் தூண்டில் எடுத்துக்கொண்டு போகிறீர்களா?

வடசென்னையில் இருந்துகொண்டு ஏரியில் படகேறி மீன் பிடிக்கணும் என்று ஆசை வந்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது புழல்தான். அதை விட்டுவிடுங்கள். புழலும் சோழவரமும் குடிநீர் ஏரிகள், நம் இஷ்டத்துக்குப் படகு இறக்க முடியாது. எண்ணூர் கழிமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கரையெல்லாம் அப்பிக்கிடந்ததைப் பார்த்த பிறகு அங்கே பிடிக்கிற மீனைச் சட்டியில் போட எனக்கு மனசு வரவில்லை. மீதி இருப்பது பழவேற்காடு.

பெயர்தான் ஏரி. உண்மையில் அது கடலோடு வாய் திறந்து கிடக்கிற உப்புநீர்ப் பரப்பு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரியது. பாதிக்கு மேல் ஆந்திரப் பக்கம் கிடக்கிறது. ஆழம் என்று பார்த்தால் பெரும்பாலான இடத்தில் இடுப்பளவுதான், ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துப் பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஆழம். இடுப்பளவு தண்ணீர்தானே என்று நினைத்தால் அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. கடல் ஏறும்போது ஏரி நிறையும், இறங்கும்போது வடியும், உங்கள் படகும் மீனும் இரண்டுமே அந்தக் கணக்கில்தான் ஓடும், நீங்கள் போட்டுவைத்த கணக்கில் இல்லை.

முதல் வேலை, ஆள் பிடிப்பது. 2011 கிறிஸ்துமஸ் அன்று முகத்துவாரத்துப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு சவாரிப் படகுக்குத் தடை போட்டார்கள். அதனால் கரையில் நின்று "வாங்க சார், ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்" என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். அங்கேயே பிறந்து அங்கேயே தொழில் பார்க்கிற ஒருவரை முன்கூட்டியே பழக்கம் பண்ணிக்கொண்டு, அவர் தொழிலுக்குப் போகிற நாளில் கூடப் போவதுதான் சரி. எனக்கு என் தங்கச்சியை அந்தப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் கொடுத்திருப்பதால் மச்சான் படகு இருக்கிறது. உங்களுக்கு அப்படி யாரும் இல்லையென்றால் போகும் முன் அங்கே காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் படகை மறந்துவிட்டுக் கரையிலிருந்து தூண்டில் போடுங்கள், கிழங்கான் மீனுக்கு அதுவே போதும். பணத்தைப் பற்றிக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். பெட்ரோல் செலவு ஒன்று, நமக்காக அவர் வலை போடாமல் விட்ட அரை நாள் கூலி இன்னொன்று. இரண்டாவதைத்தான் பலபேர் மறந்துவிட்டு "இவ்வளவா?" என்று முறைக்கிறார்கள்.

கூட்டிப்போகிறவரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்கணும். ஊரில் சாவு, திருவிழா என்றால் யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டுவிடுவார்கள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விடுகிற நாளிலும் போகாதே என்று சொல்வார்கள். அப்புறம் பாடு. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை அங்கே முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள், அதற்குப் பெயர் பாடு, தலைமுறை தலைமுறையாக வருகிற ஏற்பாடு அது. இன்னொருவருடைய பாடு இருக்கிற இடத்தில் போய் நீங்கள் நங்கூரம் போட்டால் சண்டை உங்களோடு நிற்காது, உங்களைக் கூட்டிப்போனவர் தலையில் விடியும். ஆந்திரா எல்லையும் அப்படித்தான், தண்ணீரில் கோடு போட்டு வைத்திருக்க மாட்டார்கள், வடக்கே எதுவரை போகலாம் என்பதை அவரே சொல்லட்டும்.

சரி, எந்த நாள்? நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போகிறார்கள், பார்க்க வேண்டியது பிறையை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் ஏற்ற இறக்கம் அதிகம், ஓட்டம் வேகமாக இருக்கும். அஷ்டமி, நவமியில் மந்தம். அந்த இரண்டு நாளிலும் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று ஆயா சொல்வது தூண்டில்காரனுக்கு மட்டும் அப்படியே பொருந்தும், ஏனென்றால் தண்ணீர் நகராத நேரத்தில் கொடுவா மீன் வாயைத் திறக்காது. நீர் சுமார் ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும், ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் இந்த நேரத்தையும் அலை, காற்று நிலவரத்தையும் இணையத்தில் போடுகிறது, ஓசிதான். அதில் வருவது கடற்கரைக்கான நேரம். ஏரிக்குள்ளே தண்ணீர் வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும், எவ்வளவு என்பது நீங்கள் நிற்கிற இடத்தைப் பொறுத்தது, அதையும் அவரிடமே கேளுங்கள். விடியற்காலையில் நீர் ஏறிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மாதம் என்றால் என் கணக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. வடகிழக்கு மழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, வெயிலும் மண்டையைப் பிளக்காத நேரம். பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்பதையும் அப்போது பார்க்கலாம், ஆனால் அது பறவைகள் சரணாலயம், படம் எடுக்கணும் என்று கிட்டே படகை விட்டு விரட்டாதீர்கள். மே மாதம் நான் போவதே இல்லை.

நேரத்தில் ஒரே ஒரு கண்டிப்பு: பதினொரு மணிக்கெல்லாம் கரைக்குத் திரும்பும் வேலையைத் தொடங்கிவிடணும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று கிளம்பும், அகலமான தண்ணீர் ஆழம் இல்லாமல் கிடப்பதால் சட்டென்று குட்டை குட்டையாக அலை எழும்பி படகுக்குள் வாரியடிக்கும். முகத்துவாரத்தில் இன்னும் மோசம், நீர் வெளியே ஓடுகிற நேரத்தில் எதிர்க்காற்று அடித்தால் அலை நட்டுக்கொண்டு நிற்கும். தூண்டில்காரனுக்கு அங்கே வேலையே இல்லை. ஒருமுறை "இன்னும் ஒரே ஒரு மீன்" என்று நான் அடம்பிடித்ததில், "தண்ணி வத்துது மாமா, கெளம்பலாம்" என்று மச்சான் மூன்று தடவை சொன்னதைக் காதில் வாங்காமல் விட்டு, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளினால் முட்டிவரை புதைகிறது. நீர் திரும்ப ஏறும்வரை நாலு மணி நேரம், உச்சிவெயில், ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு பேர். மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பெரிய தண்டனை.

சாமான்களில் ராடும் ரீலும் உங்கள் வசதி, கைத்தூண்டிலே போதும் என்கிறவர்களும் என்னைவிட அதிகம் பிடிக்கிறார்கள். எந்த மீன் என்று முடிவுபண்ணிவிட்டு முள்ளும் (தூண்டில் கொக்கி) நரம்பும் (தூண்டில் கயிறு) வாங்குங்கள். கிழங்கானுக்கு வாய் சின்னது, சின்ன முள், மெல்லிய நரம்பு, ஒரு ஈயக்குண்டு, மணல் தரையில் கிடக்கிற மாதிரி போடணும். இரை சேற்றுப்புழு, இல்லையென்றால் உரித்த இறால் துண்டு. மடவை மீன் கண்ணெதிரே துள்ளித் துள்ளி வெறுப்பேற்றும், இறாலைத் திரும்பிப் பார்க்காது, பிசைந்த மைதா மாவைச் சின்ன முள்ளில் வைத்துத் தக்கை போட்டு மேலாக விட்டால் சில நாள் எடுக்கும், பல நாள் எடுக்காது. கொடுவாவுக்கு உயிர் இறால். தலைக்குள்ளே கறுப்பாக ஒரு புள்ளி தெரியும், அதைக் குத்தினால் இறால் உடனே செத்துவிடும், வால் பக்கமாகக் கோர்த்தால் நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி, அதனால் முள்ளுக்கு மேலே ஒன்றரை இரண்டு அடிக்குத் தடித்த நரம்பு கட்டாமல் போகவே போகாதீர்கள். நட்டுவைத்த கழி, பாலத்துத் தூண், ஓடைவாய் என்று ஓட்டம் தடைபடுகிற இடத்தின் மறைவில்தான் அது பதுங்கியிருக்கும். கடித்ததும் மேலே எகிறித் தலையை உதறும், அந்த நொடியில் நரம்பைத் தளர விட்டால் போச்சு.

படகில் சத்தம் கூடாது. இந்தக் கொஞ்ச ஆழத்தில் பலகையில் டப்பாவை வைக்கிற சத்தம்கூட மீனுக்குக் கேட்கும். எஞ்சினைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டுக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள். நங்கூரம் அணியத்தில்தான், அதாவது படகின் முன்பக்கத்தில். பின்பக்கம் கட்டினால் ஓட்டம் வேகமானதும் தண்ணீர் எஞ்சின் பக்கமாக உள்ளே ஏறும். லைஃப் ஜாக்கெட் வாடகைக்குக் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், சொந்தமாக வாங்கி வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், போட்டுக்கொண்டே உட்காருங்கள். யாரும் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துப் போகிறவர்கள் இன்னொரு ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் எடுத்துப் போங்கள். கெளுத்தி மாட்டும், கண்டிப்பாக மாட்டும். அதன் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள், மூன்றிலும் விஷம். குத்தினால் கை தோள்வரைக்கும் கடுக்கும். தோல் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி, ஒரு மணி நேரம் முக்கிவைத்தால் வலி குறையும், திருக்கை முள்ளுக்கும் அதேதான், அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. கெளுத்தியைக் கையால் கழற்றாதீர்கள், குறடு வேண்டும். தண்ணீரில் இறங்க நேர்ந்தால் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் சேற்றைத் தேய்த்துக்கொண்டே நடந்தால் திருக்கை தானாக விலகிப் போய்விடும்.

விடியும் முன் அங்கே இருக்கணும் என்றால் திருவொற்றியூரிலிருந்து நாலு மணிக்குக் கிளம்பணும். பைக்கில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழி, கன்டெய்னர் லாரிகள் இருட்டில் விளக்கே இல்லாமல் ஓரங்கட்டி நிற்கும், வேகம் வேண்டாம். பொன்னேரியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். தெர்மாகோல் பெட்டி, உடைத்த ஐஸ், மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கை சட்டை, தயிர்சாதம். மீன் எத்தனை கிலோ எதிர்பார்க்கிறீர்களோ அத்தனை கிலோ ஐஸ், ஒரு அடுக்கு ஐஸ் ஒரு அடுக்கு மீன் என்று. ஒன்றும் கிடைக்காத நாளில் கரையில் நண்டு வாங்கிப்போட்டுக்கொண்டு வரவும் அது உதவும், வீட்டில் சொல்ல வேண்டாம். குட்டிக் கொடுவாவைத் திரும்ப விட்டுவிடுங்கள். பிறக்கும்போது ஆணாக இருந்து வளர்ந்து பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறுகிற மீன் அது, சின்னதையே எடுத்துக்கொண்டிருந்தால் முட்டை போட ஆள் இருக்காது. அறுந்த நரம்பைத் தண்ணீரில் எறியாதீர்கள், பறவை காலில் சுற்றிக்கொள்ளும்.

மடவை கிடைத்திருந்தால் வீட்டில் கழுவுகிறவர்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் குழம்பு கசக்கும்.