வங்கிப் பேரேட்டைப் பிளாக்செயினோடு இணைப்பது எப்படி? வீட்டுக் கணினியில் ஒரு பயிற்சி

டர்பனில் வங்கி மென்பொருள் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஐந்தாறு மாணவர்கள் மடிக்கணினிகளோடு என் வீட்டுக்கு வருவார்கள். "அண்ணா, பிளாக்செயினை வங்கியோடு சேர்ப்பது என்கிறீர்களே, எதை எதனோடு சேர்ப்பது?" என்று ஒரு தங்கை கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து ஒரே நகலாக வைத்திருக்கும் பேரேடு. அதில் பதிவுகள் 'பிளாக்' என்ற தொகுப்புகளாக ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு வங்கி மற்றொரு வங்கிக்குத் தர வேண்டிய பெரிய தொகைகள் 1998 முதல் ரிசர்வ் வங்கியின் சாமோஸ் அமைப்பில் தீர்வாகின்றன. 2018-இல் ரிசர்வ் வங்கி ஏழு வணிக வங்கிகளைச் சேர்த்துக்கொண்டு 'கோக்கா' என்ற சோதனையை நடத்தியது. ஜூலு மொழியில் அதற்குப் 'பணம் கட்டு' என்று பொருள். சாமோஸின் வழக்கமான ஒரு நாள் அளவான சுமார் 70,000 பரிமாற்றங்களை, குவோரம் என்ற பிளாக்செயின் மென்பொருளில் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துக் காட்டினார்கள். ஆக, வேகம் போதும். சிக்கல் இருப்பது இணைப்பில்தான். வங்கியிடம் ஒரு பேரேடு, வலையமைப்பில் இன்னொரு பேரேடு. ஒரே தொகையை இரண்டும் ஒரே ஒரு முறை எழுத வேண்டும்.

படி 1: காகிதத்தில் வரையுங்கள்

வங்கி 'அ'வின் வாடிக்கையாளர் வங்கி 'ஆ'வில் உள்ளவருக்கு 2,500 ராண்ட் 75 சென்ட் அனுப்புகிறார். முதல் பதிவில் வாடிக்கையாளர் கணக்கில் பற்று, இடைநிலைக் கணக்கில் வரவு. பிளாக்செயினில் டோக்கன் (முடக்கிவைத்த ராண்டுக்கு ஈடான மின்னணுச் சீட்டு) கைமாறியது உறுதியான பிறகு இரண்டாவது பதிவு: இடைநிலைக் கணக்கில் பற்று, வங்கியின் டோக்கன் இருப்புக் கணக்கில் வரவு. இந்த இடைநிலைக் கணக்கை நன்றாக மனத்தில் வையுங்கள். வழியில் இருக்கும் பணம் முழுவதும் அங்கேதான் நிற்கும்.

படி 2: வலையமைப்பு

ஒரே கணினியில் பல நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரில், ஹைப்பர்லெட்ஜர் பெசு என்ற பிளாக்செயின் மென்பொருளின் நான்கு கணுக்களை (ஒவ்வொன்றும் வலையமைப்பில் ஒரு கணினி போல) இயக்குங்கள். அடுத்த பிளாக் எது என்று கணுக்கள் வாக்களித்து முடிவுசெய்யும் ஒப்புதல் முறையாக கியூ.பி.எஃப்.டி.யைத் தேர்ந்தெடுங்கள். நான்கில் ஒன்றை நிறுத்திப் பாருங்கள், வேலை தொடரும். இரண்டை நிறுத்தினால் புதிய பிளாக் உருவாகாது. இதை உங்கள் கையாலேயே செய்து பார்ப்பது நல்லது.

படி 3: டோக்கன் ஒப்பந்தம்

ஒப்பந்தம் என்பது பிளாக்செயினிலேயே ஓடும் ஒரு சிறு நிரல். வழக்கமான டோக்கன் மாதிரியில் தசம இடங்கள் 18 என்று இருக்கும். அதை 2 ஆக மாற்றுங்கள். தொகையைச் சென்ட் கணக்கில் முழு எண்ணாகவே வையுங்கள்: 2,500.75 என்பது 250075. டோக்கன் வெளியிடும் உரிமை ரிசர்வ் வங்கியாக நடிக்கும் கணு ஒன்றுக்கு மட்டுமே. அதே அளவு ராண்டை முடக்கிவைத்த பிறகுதான் டோக்கன் பிறக்க வேண்டும்.

படி 4: நடுவே நிற்கும் அடாப்டர்

அடாப்டர் என்பது வங்கியின் செய்தியைப் பிளாக்செயினுக்கு மாற்றிக் கொடுக்கும் நிரல். வங்கி பேசும் மொழி ஐ.எஸ்.ஓ. 20022 என்ற பன்னாட்டுச் செய்தித் தரம். வாடிக்கையாளர் பணம் என்றால் பேக்ஸ் 008 என்ற செய்தி. அதில் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனித்தனியான, யு.இ.டி.ஆர். என்ற 36 எழுத்து அடையாளம் ஒன்று வரும். அதிலுள்ள நான்கு கோடுகளை நீக்கினால் 32 பதினறும (0–9, a–f) எழுத்துகள், அதாவது 16 பைட்டுகள். ஒப்பந்தத்தின் 32 பைட் இடத்தில் தாராளமாக அடங்கிவிடும். அதையும் தொகையையும், பெறும் வங்கியின் முகவரியையும் மட்டும் அனுப்புங்கள். வாடிக்கையாளரின் பெயரையோ கணக்கு எண்ணையோ ஒருபோதும் பிளாக்செயினில் எழுதாதீர்கள். எழுதியதை அங்கே அழிக்க முடியாது. தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போபியா சட்டம் நம் எல்லோர் தலைமேலும் இருக்கிறது.

படி 5: ஒரே பணம் இரு முறை போகாமல் காப்பது

எனக்கு முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். அடாப்டர் டோக்கனை அனுப்பியது. 'அனுப்பிவிட்டேன்' என்று தரவுத்தளத்தில் குறிப்பதற்குள் லோட் ஷெடிங் தொடங்கி வீடே இருண்டது. மின்சாரம் வந்ததும் கணினியை இயக்கினேன். அந்த வரி இன்னும் 'காத்திருக்கிறது' என்றே இருந்ததால், அடாப்டர் மறுபடியும் அனுப்பியது. வங்கி 'ஆ'வின் கணக்கில் 500150 சென்ட். பயிற்சிதான் என்றாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. உண்மையான வங்கியில் அது யாரோ ஒருவருடைய மாதச் சம்பளமாக இருக்கலாம்.

இதற்கு மூன்று காவல் வேண்டும். முதலாவதாக, வாடிக்கையாளர் கணக்கில் பற்று வைப்பதையும் 'அனுப்ப வேண்டும்' என்ற வரியையும் தரவுத்தளத்தில் ஒரே பரிவர்த்தனையாக எழுதுங்கள். எழுதினால் இரண்டும், இல்லையென்றால் எதுவுமில்லை. அடுத்து, ஒரு முறை பயன்பட்ட யு.இ.டி.ஆர். மீண்டும் வந்தால் ஒப்பந்தமே மறுக்கட்டும். கடைசியாக, அடாப்டர் விழித்தெழுந்ததும் எதையும் அனுப்பும் முன், 'இந்த அடையாளம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா?' என்று பிளாக்செயினைக் கேட்கட்டும். இவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஒப்பந்தத்தின் மறுப்பைத்தான் வைப்பேன். அடாப்டர் எத்தனை முறை தடுமாறினாலும் அது பிடித்து நிறுத்திவிடும்.

படி 6: எப்போது முடிந்தது?

பரிவர்த்தனை எண் கிடைத்தவுடன் 'முடிந்தது' என்று எழுதிவிடுவது பலரும் செய்யும் தவறு. அந்த எண் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கு மட்டுமே சான்று. கணுவிடம் அந்தப் பரிவர்த்தனையின் ரசீதைக் கேட்டு வாங்கி, அதில் நிலை 1 என்று இருக்கிறதா பாருங்கள். தோற்றுப்போன பரிவர்த்தனையும் பிளாக்கில் ஏறும், ஆனால் நிலை 0 என்று இருக்கும். கியூ.பி.எஃப்.டி.யில் பேரேடு இரண்டு வடிவங்களாகக் கிளை பிரிவதில்லை என்பதால், பிளாக்கில் ஏறிய 1 இறுதியானது. இரண்டாவது பதிவை அதன் பிறகே எழுதுங்கள். நிலை 0 என்றால், யு.இ.டி.ஆர். பிளாக்செயினில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு இடைநிலைக் கணக்கிலிருந்து வாடிக்கையாளருக்கே திருப்புங்கள்.

படி 7: நாள் முடிவில்

வெளியிட்ட மொத்த டோக்கனும் முடக்கிவைத்த ராண்டும் சரியாக ஒத்துப்போக வேண்டும். இடைநிலைக் கணக்கில் மீதி பூஜ்யம். ஒரு சென்ட் மிஞ்சினாலும் அந்த யு.இ.டி.ஆர். எது என்று தேடிப் பிடிக்காமல் எழுந்து போகாதீர்கள்.

எல்லாம் ஓடுகிறதா? இனி அடாப்டரை டோக்கன் அனுப்பிய மறுகணம் நிற்கும்படி செய்து, கணினியின் மின்செருகியைப் பிடுங்குங்கள். மீண்டும் இயக்கியதும் வங்கி 'ஆ'வின் கணக்கைப் பாருங்கள். அங்கே 250075 மட்டும் இருக்க வேண்டும்.