லைன் பக்கத்துத் தென்னையில் தொரட்டி போடாதீர்கள்

ஆனைமலை, கோபாலபுரம் பக்கம் பல தோப்புகளில் தென்னைக்கு நடுவேயே கரண்ட் லைன் போகிறது, அங்கே காய் பறிக்க அலுமினியத் தொரட்டியைத் தூக்கவே தூக்காதீர்கள். 11,000 வோல்ட் லைன் என்றால் கம்பியில் பட வேண்டும் என்பதுகூட இல்லை, மிக நெருங்கினாலே பாய்ந்துவிடும். மூங்கில்தானே என்று நினைக்க வேண்டாம், நனைந்த மூங்கிலிலும் கரண்ட் வரும், அதுவும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்கு மழை அடிக்கும் மாதங்களில் இங்கே எந்தக் கழியும் முழுசாகக் காய்ந்திருக்காது. மட்டை லைனில் விழுந்து தொங்கினால் நீங்களே இழுக்காமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள், சப்ளையை நிறுத்திய பிறகே பக்கத்தில் போங்கள். அப்புறம், யாருக்காவது ஷாக் அடித்தால் மனசு பதறத்தான் செய்யும், ஆனாலும் சப்ளையை நிறுத்தும்வரை அவரைத் தொடாதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.