24-ல் வைத்தும் புழுங்கிய அறை

ஏசி 24-ல்தான் ஓடியது. தெர்மாமீட்டரை உட்காரும் உயரத்தில், சுவரை ஒட்டாமல், 20 நிமிடம் வைத்தேன்: 25. ஆனாலும் புழுக்கமாகவே இருந்தது. முதலில் இப்படி அளந்துவிடுங்கள். 28 காட்டினால் முதலில் ஏசியைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் புழுங்கினால், கண்ணும் காதும் தரும் உணர்வை மாற்றிப் பார்க்கலாம்.

கண்ணுக்கான மாற்றம் எளிது. 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் பல்பைக் கழற்றி 6500 கெல்வின் வெள்ளை பல்ப், அரக்குத் திரைக்குப் பதில் வெளிர்நீலம். படுக்கையருகே மட்டும் மஞ்சளையே விட்டேன். வெள்ளை வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும்.

பெரிய வித்தியாசம் காதில்தான் தெரிந்தது. மின்விசிறி இரண்டாம் எண்ணில் 'உர்ர்' என்று உறுமும். விளக்கொளியைக் குறைக்கும் டிம்மர்போல் சுழலும் ரெகுலேட்டர் மின் அலையை வெட்டி வெட்டி அனுப்புவதால் மோட்டார் அதிர்கிறது. பிளேடைத் துடைத்துப் பயனில்லை. எம்சிபியை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் சோதித்துவிட்டு, படிப்படியாக மாறும் கெபாசிட்டர் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகம்) வகை ரெகுலேட்டரைப் பொருத்தினேன். அதே இரண்டு ஒயரும் அதே இடமும்தான். இந்த வகையைப் பின்னால் கழற்ற நேர்ந்தால் முனைகளை மட்டும் தொடாதீர்கள், கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். உறுமல் நின்றது, காற்று மட்டும் கேட்டது. அறை குளிர்ந்தாற்போல் இருந்தது.

தெர்மாமீட்டரில் இப்போதும் 25தான். இதனால் கிடைப்பது சிறு இதம். மேற்குச் சுவர் வெயிலில் காய்ந்தால் வெளியே நிழல் கட்டத்தான் வேண்டும்.