கண்டும் காணாமல் விட்டால்: புதிய டீம் லீட்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு முறை ப்ரமோஷன் பட்டியல் வந்த பிறகும், புதிதாக டீம் லீட் ஆனவர்கள் சிலர் என்னிடம் பேச வருவார்கள். ஆள் மாறும், துறை மாறும், சொல்லும் சங்கடம் மட்டும் மாறாது. அந்த நாற்காலிக்குப் புதிதாக வந்த காலத்தில் நானும் பட்ட பாடுதான் அது. அதனால்தான் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நேரத்துக்கு வாருங்கள், கத்தாதீர்கள், ஆள் பார்த்து நடத்தாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் பேசலாம்.

பழைய வேலையைக் கையைவிட்டு இறக்காமல் இருப்பது

ஒரு குழுவில் யார் வேலையில் கெட்டியோ, பெரும்பாலும் அவரைத்தான் லீட் ஆக்குகிறார்கள். இதில் உள்ள கோளாறை லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் 1969-இலேயே ஒரு புத்தகத்தில் சொல்லிவிட்டார்கள். செய்துகொண்டிருக்கும் வேலையில் காட்டும் திறமையை வைத்தே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டு போனால், ஒருவர் கடைசியில் தனக்கு வராத வேலையில் போய் நிற்பார். பின்னாளில் அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களைப் பற்றிய ஓர் ஆய்வும் இதையே காட்டியது. அதிகம் விற்றவர்களுக்கு மேலாளர் பதவி எளிதாகக் கிடைத்தது. ஆனால் அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் விற்பனை சரிந்தது.

நான் பார்த்தவரை, சறுக்கல் ஒரே ஒரு வாக்கியத்தில் தொடங்குகிறது. "சார், இதுல ஒரு சிக்கல்" என்று ஒருவர் வந்து நிற்பார். "சரி விடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்பார் புதிய லீட். அந்த வேலை அந்த நிமிடமே லீடின் மேசைக்கு வந்துவிடும். ஒரு மாதத்தில் குழு ஆறு மணிக்குக் கிளம்பும், லீட் ஒன்பது மணிக்குக் கிளம்புவார். "நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு முறை பதில் வராது. மூன்றாவது முறை யோசித்துக்கொண்டே வருவார்கள்.

கண்டும் காணாமல் விடுவது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவைக்கிற தவறு இது ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், வேலையில் அவ்வளவு சுத்தம், புதிதாக லீட் ஆனார். அவருடைய குழுவில் இருந்த ஒருவர் மாதாந்திர அறிக்கையைத் தாமதமாகத் தருவார். தரும்போதும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. முதல் மாதம் லீட் தானே உட்கார்ந்து சரிசெய்தார். "புது ஆள், போகப் போகக் கத்துக்குவார்" என்று நினைத்தார். அடுத்த மாதமும் அதேதான். அப்புறம் அந்தத் திருத்தும் வேலை, குழுவிலேயே நன்றாகச் செய்யக்கூடிய இன்னொரு பெண்ணிடம் போனது. அவர் முணுமுணுக்கக்கூட இல்லை. மாதக் கடைசி தோறும் ராத்திரி வரை உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். சில மாதம் கழித்து டிரான்ஸ்ஃபர் கேட்டார். "வேற ப்ராஜெக்ட் பார்க்கணும்னு ஆசை" என்று மட்டும் சொன்னார்.

அப்ரைசல் வந்தது. அறிக்கை தந்தவருக்குக் குறைந்த ரேட்டிங். அவர் லீடின் எதிரே உட்கார்ந்து, "இத்தனை மாசத்துல ஒரு தடவைகூட நீங்க சொல்லலையே மேடம்? நான் அனுப்பின எல்லாத்துக்கும் தேங்க்ஸ்னுதானே பதில் வந்துச்சு?" என்று கேட்டார். மெயில்களைத் திறந்தும் காட்டினார். விஷயம் ஹெச்.ஆர். வரை போனது. அங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி: "இதை அவர்கிட்ட எப்போ சொன்னீங்க?"

இதைவிடக் கொடுமை ஒன்று அதன் பிறகு தெரிந்தது. அவர் எண்களை எடுத்துக்கொண்டிருந்தது ஒரு பழைய ஷீட்டிலிருந்து. அது தாமதமாகத்தான் புதுப்பிக்கப்படும், பாதி எண்கள் பழையவை. புதிய ஷீட் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பத்து நிமிடம் பேசியிருந்தால் முதல் மாதமே தீர்ந்திருக்கும். ஒரு நல்ல ஊழியர் குழுவை விட்டுப் போனார், இன்னொருவர் நம்பிக்கையை இழந்தார், லீடின் பெயரும் கெட்டது. இவ்வளவும் ஒரு பேச்சைத் தள்ளிப்போட்டதால்.

இந்தத் தயக்கம் புதிதல்ல. சிட்னி ரோசன், ஆப்ரகாம் டெஸர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு வீட்டிலிருந்து போனில் வந்த செய்தியை இன்னொருவர் போய்ச் சொல்ல வேண்டும். நல்ல செய்தி என்றால் முழுதாகச் சொன்னவர்கள் அதிகம். கெட்ட செய்தி என்றால், வீட்டுக்குப் போன் பண்ணச் சொன்னார்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள் அதிகம். அந்தக் கெட்ட செய்திக்கும் அதைக் கொண்டுபோனவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படியிருந்தும் வாய் வரவில்லை. அப்படியானால், நேற்றுவரை பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் "உங்க வேலை சரியில்லை" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. கஷ்டம் என்பது சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. இந்தப் பதவிக்குக் கொடுக்கிற சம்பளத்தில் ஒரு பங்கு இந்தக் கஷ்டத்துக்கும் சேர்த்துத்தான்.

இதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்பவர்களை ஒன்று கேட்கிறேன். அந்தப் பெருந்தன்மைக்கு விலை கொடுப்பது யார்? ராத்திரி உட்கார்ந்து திருத்துகிறவர். தன் குறை தெரியாமலே ஒரு வருடத்தை இழக்கிறவர். நீங்கள் மட்டும் நல்லவராகவே இருக்கிறீர்கள், அதுவும் அப்ரைசல் வரைக்கும்தான்.

சரி, சொல்லித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தவர்களும் பல சமயம் பட்டும் படாமலும் சொல்கிறார்கள். அதில் இரண்டு வகையை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, குழு முழுவதற்கும் ஒரு மெயில்: "எல்லாரும் டெட்லைனை மதிக்க வேண்டும்." யாரை மனதில் வைத்து எழுதியது என்று எல்லாருக்கும் புரியும், அவர் ஒருவருக்குத்தான் புரியாது. ஒழுங்காகத் தருகிறவர்களோ, நம்மையும் சேர்த்துத் திட்டுகிறார்களே என்று வருந்துவார்கள். இன்னொன்று, இரண்டு பாராட்டுக்கு நடுவே குறையை ஒளித்து வைப்பது. கேட்கிறவர் பாராட்டை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக எழுந்து போய்விடுவார்.

எப்படிச் சொல்வது என்பதில் கவனம் தேவை. ஆவ்ராம் க்ளூகரும் ஆஞ்சலோ டெனிஸியும் ஃபீட்பேக் பற்றிய பழைய ஆய்வுகளைச் சேர்த்து, 600-க்கும் மேற்பட்ட முடிவுகளை 1996-இல் அலசினார்கள். சராசரியாகப் பார்த்தால் ஃபீட்பேக் பலன் தருகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான இடங்களில், ஃபீட்பேக்குக்குப் பிறகு வேலை இன்னும் மோசமானது. கவனம் வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பத் திரும்ப, பலன் குறைந்துகொண்டே போகிறது என்பது அவர்கள் கண்டது. "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்றால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். அறிக்கையைப் பற்றி யோசிக்கமாட்டார்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. சென்டர் ஃபார் க்ரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற பயிற்சி நிறுவனம் சொல்லித்தருவது: சூழல், செயல், விளைவு என்ற வரிசையில் சொல்லுங்கள். "போன வெள்ளிக்கிழமை வரவேண்டிய அறிக்கை செவ்வாய்க்கிழமை வந்தது. மூணாவது பக்கத்துல இருக்கற மொத்தமும் அஞ்சாவது பக்கத்துல இருக்கறதும் ஒத்துப்போகலை. அதனால கிளையன்ட் மீட்டிங்கைத் தள்ளிவைக்க வேண்டியதாயிடுச்சு." அவ்வளவுதான். 'எப்பவுமே', 'ஒருதடவைகூட' என்ற சொற்கள் வேண்டாம். அவற்றைச் சொன்னால் பேச்சு அந்தச் சொற்களைப் பற்றிய வாதமாகப் போய்விடும்.

சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், "பரவாயில்லை, பெரிய விஷயம் இல்லை" என்று தாங்களே பூசி மெழுகிவிடுவார்கள். பொறுத்திருங்கள். பழைய ஷீட் வெளியே வருவது அந்த மௌனத்துக்குப் பிறகுதான். அப்புறம், அடுத்து எப்போது பார்ப்பது என்று ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் வேலை சரியாக வந்திருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நடந்து இரண்டு மூன்று நாளுக்குள், தனியாக, நேரில். நேரில் முடியாவிட்டால் வீடியோ காலில். சாட்டில் வேண்டாம், எழுத்தில் உங்கள் குரலின் தொனி போய்ச் சேராது.

எல்லார் முன்னாலும் திருத்துவது

கூடாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மீட்டிங்கில் யாரும் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது

மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை 1990-களில் ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த கணக்கு தலைகீழாக இருந்தது. அந்தக் குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது, அங்கே இருந்தவர்கள் பிழையை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே பொருத்தமான விளக்கமாகத் தெரிந்தது. மற்ற இடங்களில் பயம் வாயைக் கட்டியிருந்தது.

உங்கள் மீட்டிங்கில் எல்லாம் சுமுகமாகப் போகிறதென்றால் சந்தோஷப்படும் முன் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். லீட் முதலில் தன் கருத்தைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள். "யாருக்காவது டவுட் இருக்கா?" என்பதைவிட, "இது சொதப்பினா எந்த இடத்துல சொதப்பும்?" என்று கேட்டால் பதில் வரும்.

குழுவின் உழைப்பைத் தன் பெயரில் மேலே கொண்டுபோவது

ஒரே ஒரு முறை செய்தால் போதும், எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மேலே போகிற கெட்ட செய்தியை மெழுகுவது

கீழே சொல்லத் தயங்குகிறவர் மேலேயும் தயங்குவார், பயம் ஒன்றுதான். "கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு சார்" என்று வாரா வாரம் சொல்லிவிட்டு, கடைசி வாரத்தில் இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று கேட்பார். தாமதம் ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்த அன்றே சொன்னால், மேனேஜரின் கையில் ஆளைச் சேர்க்கவோ, வேலையைக் குறைக்கவோ, கிளையன்டிடம் பேசவோ வழி இருக்கும். கடைசி வாரத்தில் சொன்னால் அவரால் கோபப்பட மட்டுமே முடியும்.

ஏற்கெனவே பல மாதம் தள்ளிப்போட்டுவிட்டீர்கள் என்றால்

இதைப் படிக்கும்போது உங்கள் குழுவில் ஒரு முகம் நினைவுக்கு வந்திருந்தால் இது உங்களுக்கு. அப்ரைசல் வரை காத்திருக்காதீர்கள். பழைய மாதங்களின் குறைகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டுபோய் அவர் முன்னால் அவிழ்க்கவும் வேண்டாம். கடைசியாக நடந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "இதை நான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு." பிறகு விஷயத்துக்கு வாருங்கள். சொல்லாமல் விட்ட மாதங்களை அவர் கணக்கில் எழுதாதீர்கள். அவரோடு சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஓர் இலக்கு வைத்துக்கொண்டு, பேசியதை நாலு வரியில் அன்றே அவருக்கு மெயில் அனுப்புங்கள். அதே வாரத்தில், இத்தனை நாள் அவர் வேலையைத் திருத்திக்கொண்டிருந்தவரிடமும் போய்ப் பேசுங்கள். அந்தச் சுமையை எந்தத் தேதியில் இறக்கப்போகிறீர்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள்.