போக்கிமான் பிடிக்கக் கடற்கரைச் சாலைக்குப் போகிறவர்களுக்கு

போக்கிமான் கோ என்பது, ஊரில் நடந்து திரிந்து போன் திரையில் தோன்றும் போக்கிமான் என்ற கற்பனைப் பிராணிகளைப் பிடிக்கும் ஆட்டம். இது மாதிரி ஆட்டங்களில் உடம்புக்கு நல்லது செய்வது நடை. கெடுதல் செய்வது, திரையைப் பார்த்துக்கொண்டே நடப்பது. இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

2016-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், இதைப் புதிதாக இறக்கியவர்கள் முதல் வாரம் நாளுக்குச் சராசரியாக 955 ஸ்டெப் கூடுதலாக நடந்தார்கள். ஆறாவது வாரத்தில் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டார்கள். ஆசை தணிந்ததும் கால் நின்றுவிடுகிறது. அதனால் ஆட்டத்தை நம்பாமல், நேரத்தையும் பாதையையும் முதலில் முடிவு செய்யுங்கள்: வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குச் சொல்லும் 150 நிமிடம், விறுவிறுப்பாக நடந்தால் அதிலேயே வந்துவிடும்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை. இந்த நேரத்தைத் தாண்டி அங்கே ஆடாதீர்கள். கருங்கல் பாறைகள் மேல் ஏறவே வேண்டாம்; பாசி வழுக்கும், கண் திரையில் இருந்தால் அலை வருவது தெரியாது. கடலூர் சில்வர் பீச்சில் உலர்ந்த மணலில் கணுக்கால் பிசகும். இறுகிய ஈர மணலில் நடங்கள், போனைப் பார்க்க மட்டும் கரைப்பக்கம் ஏறி நில்லுங்கள்.

கிளம்புமுன் ஆட்டத்தின் செட்டிங்ஸில் மூன்று மாற்றம். 'அட்வென்ச்சர் சிங்க்' (Adventure Sync) வசதியை ஆன் செய்தால், ஆட்டம் மூடியிருந்தாலும் நடந்த தூரம் கணக்கில் சேரும். வைப்ரேஷனையும் பேட்டரி சேவரையும் ஆன் செய்யுங்கள். ஆட்டத்தைத் திறந்தபடி போனைத் தலைகீழாகப் பையில் போட்டால் திரை இருண்டுவிடும், ஆட்டம் ஓடும், போக்கிமான் பக்கத்தில் வந்தால் அதிரும். அதிர்ந்ததும் ஓரமாக ஒதுங்கி, இரண்டு காலையும் ஊன்றி நின்று பிடியுங்கள். மறுபடி பைக்குள் வைத்த பிறகே அடுத்த அடி. பிடிக்கும்போது, எதிரே கேமராவில் தெரியும் இடத்திலேயே போக்கிமான் நிற்பதுபோல் காட்டும் ஏ.ஆர். பொத்தானை அணைத்துவிடலாம்: கேமரா ஓடாது, போன் சூடாகாது, முன்பின் தெரியாதவர் முகத்துக்கு நேரே போனை நீட்டும் சங்கடமும் இல்லை.

நின்று நின்று ஆடினால் இதயத்துக்கு வேலை போதாது. நடுவில் 10 நிமிடமாவது நிற்காமல், நிமிடத்துக்கு 100 ஸ்டெப் வேகத்தில் நடங்கள். பேச முடியும், பாட முடியாது என்கிற அளவு மூச்சு வாங்கினால் அதுதான் சரியான வேகம். ஆட்டத்தில் கிடைக்கும் முட்டைகள் குறிப்பிட்ட தூரம் நடந்தால்தான் பொரிக்கும்; ஸ்கூட்டரில் சுற்றி அவற்றைப் பொரிக்கப் பார்க்காதீர்கள். மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டரைத் தாண்டினால் அந்தத் தூரம் சேராது, விழுந்தால் எலும்புதான் முறியும்.

கழுத்து வலித்தால் காரணம் குனிவு. தலை சுமார் 5 கிலோ கனம். குனியக் குனிய அந்தப் பாரம் பிடரித் தசையில் ஏறும். முழங்கையை விலாவில் ஊன்றி, போனை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள்.

கத்தரி வெயில் நாட்களில் நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. அரை லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். தலை சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் ஆட்டத்தை நிறுத்தி நிழலில் உட்காருங்கள். 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து மெதுவாகக் குடியுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், ஈரத்துணியால் உடம்பைக் குளிர்வித்தபடி 108-ஐக் கூப்பிடுங்கள்.